இடுப்பு வலிக்கு உள்ளே பொருத்தும் கருவி: முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். வயது 49. மூன்று ஆண்டுகளுக்கு முன் டிஸ்க் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கால் வலி பெருமளவு குறைந்தது. இடுப்பு வலி மட்டும் போகவே இல்லை. முதுகுத்தண்டில் மின்கருவி பொருத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். எட்டு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சலுகையாம். மனைவியின் நகையை விற்கலாமா என்று யோசிக்கிறோம்.

பதில்: நகை அலமாரியிலேயே இருக்கட்டும். சலுகைக்குக் கெடு வைக்க இது ஆடித் தள்ளுபடி அல்ல. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் சிகிச்சையில் இந்த மாதம் செய்தால்தான் ஆயிற்று என்ற அவசரம் எதுவும் கிடையாது. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, கால் திடீரென்று வலுவிழந்தாலோ மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது வேறு சிக்கல், அதற்கு வேறு சிகிச்சை.

ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் எனப்படும் இந்தக் கருவி 1967 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தண்டுவடத்தை ஒட்டிய இடைவெளியில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, பிட்டத்துக்கு மேலே தோலுக்கடியில் பேட்டரியை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து போகும் சிறு மின்துடிப்பு, மூளைக்குப் போகும் வலிச் செய்தியை மழுங்கடிக்கும். தேய்ந்த டிஸ்க்கை அது சரிசெய்யாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு இடறுவது ஒன்றுதான். உங்கள் வலி இடுப்பில் இருக்கிறது. இந்தக் கருவி முக்கியமாக நரம்பு வலிக்கானது; காலில் எரிச்சலாக, ஷாக் அடிப்பதுபோல இறங்குகிறதே, அந்த வலிக்கு. அதிலும் பலன் உறுதி என்று சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கால் வலி தீராத 50 பேரிடம் நார்வேயில் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. கருவி ஓடுகிறதா, நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று நோயாளிகளுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சோதித்தது ஒரு வகை மின்துடிப்பைத்தான். ஆனாலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இடுப்பு வலி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2023 அறிக்கையும் நீடித்த பலனுக்கு ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. உங்கள் கையில் கொடுத்த வண்ணக் கையேட்டில் இவை இருக்காது.

சர்க்கரை நோயால் பாதம் எரிபவர்களின் கதை வேறு. மாத்திரைக்கு அடங்காத அந்த எரிச்சலுக்கு இந்தக் கருவி கைகொடுப்பதாக ஓரளவு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 2021இல் அதற்கென்றே அனுமதியும் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பலன் பாத எரிச்சலுக்கு. சர்க்கரை நோயாளிக்கு இடுப்பு வலித்தால் அந்த ஆய்வு அவருக்கும் பொருந்தாது. இதை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பாத எரிச்சலுக்கு வந்த படத்தை இடுப்பு வலிக்காரரிடம் காட்டி விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் செய்துகொள்வதென்றால், முதலில் சோதனைப் பொருத்தம். கம்பியை மட்டும் ஊசி வழியாக உள்ளே விட்டு, பேட்டரியை வெளியே இடுப்பில் கட்டி, மூன்று முதல் ஏழு நாள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் ஒரு மதியம் படுக்கவைத்து, "எப்படி இருக்கிறது, அறுபது சதவீதம் போடலாமா?" என்று கருவிக் கம்பெனி ஆள் கேட்டு அவரே படிவத்தில் எழுதுவது சோதனை ஆகாது. ஒரு நோட்டை எடுத்து நீங்களே எழுதுங்கள்: லேத் முன்னால் எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள். அந்த நாட்களில் குனியவோ பாரம் தூக்கவோ கூடாது, கம்பி நகர்ந்துவிடும். வலி பாதியாவது குறையாவிட்டால் கம்பியை உருவிவிட்டு வந்துவிடுங்கள்.

பட்டறையில் வெல்டிங் உண்டா? ஆர்க் வெல்டிங் பக்கம் போகாதீர்கள் என்று கருவித் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். இதை உங்களிடம் யாராவது சொன்னார்களா? பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, பேட்டரி தீர்ந்தால் மறு அறுவை சிகிச்சைக்கு என்ன செலவு, மின்துடிப்பை மாற்றியமைக்க யார் வருவார் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மின்துடிப்பை மாற்றியமைக்கும் வேலையைப் பெரும்பாலும் கம்பெனி ஆள்தான் செய்கிறார். அவர் வேலை மாறிப் போனால், கருவியை உடம்பில் வைத்துக்கொண்டு தொலைபேசி எண் தேடுவது நீங்கள்தான். "காப்பீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வரும் ஒருங்கிணைப்பாளரையும் நம்பி உட்காராதீர்கள். முன் அனுமதிக் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். கருவியின் விலை பில்லில் தனி வரியாக, வரிசை எண்ணோடு இருக்க வேண்டும்.

இதய ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017இல் விலை உச்சவரம்பு வந்தது. இந்தக் கருவிக்கு அப்படி ஒன்றும் இல்லை, கேட்டது விலை. அமெரிக்காவில் 2016 ஜூலை முதல் நான்கு ஆண்டுகளில் இவ்வகைக் கருவிகள் பற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் அரசிடம் பதிவாயின. நம் நாட்டிலும் 2015 முதல் மருத்துவக் கருவிகள் பற்றிப் புகார் செய்ய ஏற்பாடு இருக்கிறது, எண் 1800-180-3024. மருத்துவமனைச் சுவரில் அந்த எண்ணைக் கண்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

முதல் அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எம்.ஆர்.ஐ. படங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத முதுகுத்தண்டு நிபுணர் ஒருவரைப் பாருங்கள். கருவி பற்றிய பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். வலி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள். முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், ரசீது நகலை இணைத்து, திரும்பத் தரும்படி இன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.