பூட்டிய பீரோவும் பதின்வயதுப் பிள்ளைகளும்: நூலக டீச்சரிடம் கேட்டவை

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். நூலகமும் என் பொறுப்பில்தான். பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கதைப் புத்தகம் பக்கம் திருப்புவது எப்படி என்று நீலகிரியின் பல மூலைகளிலிருந்தும் கேட்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

லைப்ரரி பீரியடில் ஒன்பதாம் வகுப்பு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கிறது. என்ன செய்வது? (ஆசிரியர், குன்னூர்)

முதலில் அவர்கள் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். நம் பள்ளிப் பீரோக்களில் பாதி, யாரோ வீட்டைக் காலி செய்தபோது கொடுத்தவை. பழைய கைடு, போட்டித் தேர்வு வினா விடை, 'வாழ்வில் வெற்றி பெற' வகையறா. பதினான்கு வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு அரட்டை அடிக்காமல் வேறு என்ன செய்யும்? நானாக இருந்தாலும் அடிப்பேன்.

ஒரு நாள் உட்கார்ந்து அவற்றை எல்லாம் தனியே ஒதுக்குங்கள். பீரோ காலியாகத் தெரியும், தெரியட்டும். மிஞ்சுகிற நல்ல புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிகிற மாதிரி வையுங்கள். ஸ்டாண்டு எல்லாம் வேண்டாம், ஜன்னலுக்கு ஜன்னல் நைலான் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டினால் போதும். அப்புறம் ஒரே ஒரு சட்டம்: பத்துப் பக்கம் படித்துப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், காரணம் கேட்கக் கூடாது. முதல் சில வாரம் மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். தங்களுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிற வேலை அது, தடுக்காதீர்கள்.

இன்னொன்று, அந்த நேரத்தில் நீங்கள் நோட்டுத் திருத்தாதீர்கள். நீங்களும் ஒரு கதையை எடுத்துப் படியுங்கள். நடுவில் நீங்கள் தன்னை மறந்து சிரித்தீர்கள் என்றால், மணி அடித்ததும் அந்தப் புத்தகத்துக்கு மூன்று பேர் நிற்பார்கள்.

புத்தகம் தொலைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது? அதனால்தான் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. (நூலகப் பொறுப்பாசிரியர், பெயர் வேண்டாம் என்றார்)

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்தப் பூட்டுதான் நம் பள்ளிகளில் வாசிப்புக்கு முதல் எதிரி, செல்போன்கூட இரண்டாவதுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்ததை அவர் அந்த விதிக்கு நேர் எதிரான பழக்கமாகக் காட்டுகிறார். நம்மிடம் சங்கிலி இல்லை, கோத்ரெஜ் பூட்டு இருக்கிறது.

நான் செய்வது இது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய விலை உயர்ந்த நூல்கள், அகராதி, களஞ்சியம் எல்லாம் பள்ளிக்குள்ளேயே. நன்கொடையாக வருகிற கதைப் புத்தகங்களுக்குத் தனி நோட்டு, அவை வீட்டுக்குப் போகும். எது நன்கொடை என்று தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை. கொடுத்து வாங்குகிற நோட்டு வகுப்புப் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். டீச்சரிடம் 'தொலைச்சிட்டேன்' என்று சொல்லப் பயப்படுகிற பிள்ளை, பக்கத்து பெஞ்சுக்காரன் வந்து கேட்டால் எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவரும். சில புத்தகம் போகத்தான் செய்யும். போன புத்தகம் எங்கோ ஒரு வீட்டில்தானே கிடக்கிறது!

இங்கே பிள்ளைகளின் வீட்டு மொழி மலையாளம், பணியர் பழங்குடியினரின் மொழி என்று பலவிதம். எட்டாம் வகுப்பிலும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். இவர்களிடம் போய் 'ஆசைக்குப் படி' என்றால்? (ஆசிரியர், கூடலூர்)

கேள்விகளிலேயே கனமானது இதுதான். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு எளிய புத்தகம் வேண்டும். ஆனால் மீசை அரும்புகிற பையன் கையில் நாலு வரிப் படப் புத்தகத்தைக் கொடுத்தால் வகுப்பே பார்க்கும், அவன் அதைத் தொடவும் மாட்டான். கூச்சம்தான் இங்கே பிரச்சினை, புத்தியில் குறை எதுவும் இல்லை.

அதனால் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வாரம் ஒரு நாள் இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அவன் போய்க் கதை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காக முந்தின நாள் வீட்டில் நாலு தடவை வாசித்துப் பார்ப்பான். படப் புத்தகம் கையில் இருப்பதற்கு இப்போது ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. 'அண்ணா, மறுபடியும்' என்று சின்னதுகள் கேட்டால் அவன் முகத்தைப் பாருங்கள்.

அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்களிடம் இருக்கும்: நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. மெல்லிய புத்தகங்கள், ஒரே மூச்சில் முடிக்கலாம். முடித்தேன் என்கிற திருப்தி இந்தப் பிள்ளைகளுக்குப் புதிது. ஆனால் படியைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். 'நீ இன்னும் நுழைதானா?' என்று ஒரு குரல் வந்தால் போச்சு. நாலையும் கலந்து பரப்பி வையுங்கள், அவர்களே எடுப்பார்கள்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், மலையாளம் இரண்டிலும் படக்கதைகள் இலவசம், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரே கதையை இரண்டு மொழியிலும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டி சொன்ன யானைக் கதையைப் பணியர் மொழியிலேயே, தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லி, தைத்து, நூலகத்தில் எண் போட்டு வையுங்கள். எழுதின பிள்ளைக்கு அன்றிலிருந்து அந்த பீரோ சொந்த பீரோ.

காமிக்ஸ் எடுத்தால் 'இதெல்லாம் படிப்பா' என்று திட்டுகிறார்கள் மிஸ். (எட்டாம் வகுப்பு மாணவன், கோத்தகிரி)

படிப்புதான் தம்பி. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் வர ஆரம்பித்தன. மின்சாரம் பாய்ந்தால் மாயமாகிற இரும்புக்கை மாயாவியைப் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவர்கள்தான் இன்று உன்னைத் திட்டும் வயதில் இருக்கிறார்கள். திட்டுகிறவரிடம் 'நீங்க மாயாவி படிச்சிருக்கீங்களா?' என்று கேட்டுப் பார். கொஞ்சம் மரியாதையாகக் கேள்.

பத்தாம் வகுப்பில் கதைப் புத்தகம் படித்தால் மார்க் குறையாதா? (ஒரு அப்பா, ஊட்டி)

தூங்கும் முன் இருபது நிமிடம் படிப்பதால் குறையாது. கூடுமா என்றால், அந்த வாக்குறுதி நான் தரமாட்டேன். மார்க்குக்காகக் கதை படி என்று சொன்ன நிமிடமே அது இன்னொரு பாடமாகிவிடும். பொதுத்தேர்வு நெருங்கும்போது தடித்த நாவல் வேண்டாம், சிறுகதை போதும். ஆனால் பிடுங்கி வைக்காதீர்கள்.

படித்ததற்கு நூல் விமர்சனம் எழுதச் சொல்லலாமா? பரிசு தரலாமா? (ஆசிரியர், குன்னூர்)

வேண்டாம். பரிசு என்றால் மெல்லிசாகப் பார்த்து எண்ணிக்கைக்கு எடுப்பார்கள். கடைசி அட்டைக்குள் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டிவிடுங்கள். விருப்பம் இருந்தால் அடுத்து எடுப்பவருக்கு ஒரு வரி எழுதலாம், பெயர் வேண்டாம். 'நடுவுல போர், கடைசி சூப்பர்' என்று ஒரு கை எழுதியிருந்தால் எந்த விமர்சனமும் அதற்குக் கிட்டே வராது.

எங்கள் பிள்ளைகள் எஸ்டேட் லயன்களிலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வருகிறார்கள். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டில்தான். பள்ளி முடிந்து நூலகம் என்பது நடக்காது. (ஆசிரியர், கோத்தகிரி)

நடக்கவும் கூடாது. இருட்டினால் வழியில் காட்டுமாடு நிற்கும், கரடி வரும். புத்தகம்தான் லயனுக்குப் போக வேண்டும். ஒரு கான்வாஸ் பையில் இருபது புத்தகம், லயனுக்கு ஒரு பொறுப்பான பிள்ளை, மாதம் ஒரு முறை மாற்றல். அங்கே அக்கா, அம்மா எல்லாரும் எடுத்துப் படிப்பார்கள், அது நமக்குக் கூடுதல் லாபம். மதிய உணவு முடிந்து மணி அடிக்கும்வரை இருக்கிற நேரமும் கைவசம் உண்டு. அப்போது நூலகம் திறந்திருக்கட்டும்.

பெண் பிள்ளைகள் காதல் கதை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (ஆசிரியை, குன்னூர்)

பையன்களும் கேட்பார்கள், வாய் திறந்து கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள். துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பதைக் காதல் என்று சொல்லும் கதை என்றால் எடுத்து வைத்துவிடுங்கள். மற்றபடி கொடுங்கள். நாம் கொடுக்காவிட்டால் போனில் என்ன கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பெரிய நாவல் ஏதாவது? (நூலக ஆர்வலர், ஊட்டி)

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. 1963-ல் வந்தது. படகர் வாழ்க்கையும், சாமை விளைந்த மலையில் தேயிலை ஏறியதும் கதைக்குள் வரும். தன் ஊரின் குளிரையும் சரிவையும் அச்சில் பார்ப்பது நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி கிடைக்காத சுகம். தொடக்கம் நிதானமாகப் போகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் மட்டும் கொடுங்கள். ஐந்தையும் சேர்த்து நீட்டினால் மிரண்டுவிடுவார்கள். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை, அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி இருக்கும். இரண்டாம் பாகத்தை அவர்களே தேடி வருவார்கள்.

பீரோவைத் திறந்தாலே பூஞ்சை வாடை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். (தலைமை ஆசிரியர், தேவாலா)

தேவாலா, கூடலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கதைதான். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டு காலியாக இருக்கட்டும். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள், காற்று போக வேண்டும். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் கதவை விரியத் திறந்து வையுங்கள். பூஞ்சை பிடித்ததை வெளியே எடுத்துப்போய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். ஈரத்துணி போட்டால் இன்னும் பரவும். பாச்சா உருண்டை பூஞ்சையை ஒன்றும் செய்யாது, தலைவலிதான் வரும்.

பஸ் ஸ்டாண்டில் மழையில் நூலகப் புத்தகம் நனைந்துவிட்டது. திட்டுவீர்களா மிஸ்? (ஏழாம் வகுப்பு மாணவி)

மாட்டேன். அடுப்புப் பக்கம் மட்டும் வைத்துவிடாதே, தாள் சுருண்டு அட்டை பிரிந்துவிடும். பத்துப் பக்கத்துக்கு ஒரு நியூஸ்பேப்பர் துண்டு சொருகு, துண்டு நனைந்ததும் மாற்று. முக்கால்வாசி காய்ந்ததும் மேலே கனமாக ஏதாவது வைத்துவிட்டு, திங்கட்கிழமை கொண்டு வா. பாதியில் நின்றிருந்தால் அதையே நோட்டில் மறுபடி பதிந்து எடுத்துக்கொண்டு போ.