காலனி கொழுத்தது, ஒளி போனது ஏன்?

கேள்வி: கடையில் வாங்கிய கணவாய் மீனிலிருந்து ஒளிரும் பாக்டீரியாவைப் பிரித்து அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் தட்டு) வளர்த்தேன். நன்றாக ஒளிர்ந்தது. இன்னும் பிரகாசமாகட்டும் என்று அடுத்த தட்டில் 1 சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தேன். காலனிகள் கொழுகொழுவென வளர்ந்தன, ஒளியைத்தான் காணோம். என்ன தவறு? (கல்லூரி மாணவி)

பதில்: தவறு அந்தக் குளுக்கோஸில்தான். இந்த பாக்டீரியா வளர்வது வேறு, ஒளிர்வது வேறு. சுலபமான சர்க்கரை கிடைத்துவிட்டால் பல இனங்களில் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு குறையும். அது குறைந்தால் ஒளிக்கான லூசிபெரேஸ் நொதி சரியாக உருவாகாது. அப்புறம், சர்க்கரை நொதித்து அமிலமாகும். வளர்ப்பு ஊடகம் புளிக்கப் புளிக்க, இருக்கிற ஒளியும் மங்கும்.

குளுக்கோஸை விட்டுவிட்டு கிளிசரால் சேருங்கள். நான் நம்பிப் பயன்படுத்தும் அளவு இது: கடல்நீர் 750 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 250 மி.லி., டிரிப்டோன் (செரித்த புரதத் தூள்) 5 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், கிளிசரால் 3 மி.லி., அகார் 15 கிராம். கடல்நீர் கிடைக்காவிட்டால் 3 சதவீத உப்புக் கரைசல் போதும். சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் உப்பு அரை சதவீதம்தான், இவற்றுக்கு அது பற்றாது. ஒரு கிராம் கால்சியம் கார்பனேட் சேர்த்தால் உருவாகும் அமிலத்தை அது நடுநிலையாக்கிவிடும்.

உணவைப் போலவே ஆக்சிஜனும் முக்கியம். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அகார் இல்லாமல் இதே ஊடகத்தைக் குடுவையில் ஊற்றி, இரவு முழுக்கக் குலுக்கி வளர்த்து, இருட்டறையில் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். மேற்பரப்பில் மட்டும் நீலப்பச்சை வளையம் நிற்கும், கீழே இருட்டு. ஒரு குலுக்கு குலுக்கினால் குடுவை முழுவதும் சட்டென்று பற்றிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி!

விதைத்த சில மணி நேரத்துக்கு ஒளி தெரியாவிட்டால் பயப்படாதீர்கள். கூட்டம் போதுமான அளவு பெருகி, அவை வெளிவிடும் சமிக்ஞைப் பொருள் சேர்ந்த பிறகே ஒளி மரபணுக்கள் விழிக்கும். 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற விஞ்ஞானிகள் மூவரும் இதைக் காட்டினார்கள். 20 டிகிரியையொட்டி வைத்து, 16 மணி நேரத்திலிருந்து பாருங்கள். பழைய தட்டு மங்கிவிடும், எனவே ஓரிரு நாளுக்கொருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

சர்க்கரையில்லாதது, குளுக்கோஸ், கிளிசரால் என மூன்று தட்டுகளை ஒரே நாளில் விதையுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். கையுறை அவசியம். வேலை முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகே குப்பையில் போடுங்கள்.