ஊசியும் வர்த்தமானியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஊரடங்குக் காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அந்த நேரம் நான் தாதியாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். 2021 ஆகஸ்ட், செப்டெம்பரில் வார்டில் ஒட்சிசனுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்தவள் நான். "நோயைச் சாட்டாக வைத்து அரசு எங்கள் வீட்டுக்குள் வந்தது" என்ற உங்கள் வரி எனக்குக் கோபத்தையே தந்தது. என் அம்மப்பா தடுப்பூசி போட மறுத்தவர். "அரசாங்கம் தாறதை நம்பேலாது" என்பார். அந்தச் செப்டெம்பரில் போய்விட்டார். உங்களைப் போன்ற பழமைவாதிகள் அரசைச் சந்தேகி என்று எழுதினால் சனம் வைத்தியரையும் சேர்த்துத்தான் சந்தேகிக்கும். ஒரு செத்தவீட்டுக் கிரியையைவிட உயிர் பெரிதில்லையா? ஊரடங்கே வேண்டாம், சுவீடனைப் பார் என்பவர்களுக்கு உங்கள் பதில் என்ன?

இப்போது நான் கேட்க வந்தது. அக்காவின் மகள் ஆறாம் வகுப்பு. எச்.பி.வி. தடுப்பூசிக்குச் சம்மதம் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அக்கா உங்கள் கட்டுரையைக் காட்டிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். அவளுக்கு என்ன சொல்வீர்கள்?

— ஒரு வாசகி, உடுவில், யாழ்ப்பாணம்

அன்புள்ள பிள்ளைக்கு,

அக்காவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 2017 முதல் இலங்கைப் பள்ளிக்கூடங்களில் அந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டுவரும் ஊசி அது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பது. அதன் நன்மை தீமை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஊசிக்கு எதிராக நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. கொவிட் ஊசி எங்கள் ஊருக்கு வந்தபோது பள்ளிக்கூட மண்டபத்து வரிசையில் நின்று போட்டுக்கொண்டவன். வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மப்பாவை நினைக்க மனம் கனக்கிறது. நீங்களே தாதியாக இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியாமல் போனது எவ்வளவு பெரிய துக்கம் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளை, அவருடைய அவநம்பிக்கையைக் கொண்டுவந்து என் தலையில் கட்டாதீர்கள். அவர் என் கட்டுரையை வாசித்தா பழுதாய்ப் போனார்? உடுவிலில் அந்த வயதுவரை வாழ்ந்த ஒரு மனிதர் அரசை எங்கே கண்டார் என்று யோசித்தீர்களா? வைத்தியசாலைக்கு வரும் மருந்துக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்பட்ட தொண்ணூறுகளில் கண்டார். பற்றரிக்கும் சீமெந்துக்கும் உரத்துக்கும் தடை இருந்த காலம் அது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. திரும்பி வந்தபின் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றார். 1979இல் மூன்று ஆண்டுக்கென்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கி, நாற்பது ஆண்டுக்கு மேல் எங்கள் பிள்ளைகளை அதில் அள்ளிக்கொண்டு போனதைக் கண்டார். அப்படிப்பட்டவரிடம் 2020இல் நோயைப் பற்றிப் பேச யாரை அனுப்பினார்கள்? இதுதான் என் கேள்வி. அந்தக் கட்டுரை முழுக்க இதைத்தான் கேட்டேன். நீங்கள் அதைக் கவனிக்காமல் கோபப்பட்டிருக்கிறீர்கள்.

இந்த நாட்டின் சுகாதாரத்தைக் கட்டியெழுப்பியவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, சைக்கிளில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துக் குளோரின் போட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்தான், பிள்ளைப்பெற்ற வீட்டுத் திண்ணையில் குந்தியிருந்து எடை பார்த்த மிட்வைஃப்மார்தான். 1993க்குப் பிறகு இங்கே போலியோ இல்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இதில் எதற்கும் ஊரடங்கு போடவில்லை. தொண்ணூறுகளில் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இராணுவமும் புலிகளும் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். அன்றைக்கு உங்கள் அம்மப்பாவே பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார், ஏனென்றால் சொட்டு விட்டது ஊருக்குத் தெரிந்த மிட்வைஃப்.

2020 மார்ச்சில் நடந்தது வேறு. கொவிட் தடுப்புக்கென்று ஒரு தேசிய செயற்பாட்டு மையத்தை அமைத்து, அதன் தலைவராக அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவைப் போட்டார்கள். 2009 இறுதிப் போரில் இராணுவத்தின் 58ஆம் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். ஆண்டு முடிவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு இராணுவ அதிகாரி என்று இருபத்தைந்து பேரை இணைப்பாளர்களாக நியமித்தார்கள். தனிமைப்படுத்தல் நிலையங்கள் படை முகாம்களில். எங்கள் பக்கம் விடத்தற்பளையிலும் அப்படித்தான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்கும்போது, அதன் தலைக்குமேல் சீருடையை ஏன் ஏற்றினார்கள்? நோயாளரைக் காவலில் வைக்கும் பழக்கம் புதிதல்ல. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சிறையாகவும் தொற்றுநோயாளரை வைக்கும் இடமாகவும் இருந்தது. இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது.

சட்டமும் அதே கதை. 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு. யாழ்ப்பாணம் உட்பட ஆறு மாவட்டங்களில் அது வாரக்கணக்காக நீண்டது. பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முறையாக வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வராத அந்த ஊரடங்கில் பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள். இது எந்தச் சட்டம் என்று சட்டத்தரணிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் நின்றது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிய நாட்களில் வெள்ளைக்காரன் எழுதியது. கேள்வி கேட்கப் பாராளுமன்றம் இருந்ததா? மார்ச் 2இல் அதைக் கலைத்தார்கள், ஆகஸ்ட் 20இல்தான் புதிதாகக் கூடியது. ஒக்டோபரில் இருபதாவது திருத்தம் வந்து ஜனாதிபதியின் கை இன்னும் நீண்டது. 2020இலும் 2021இலும் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலைத் தடுக்கப் பொலிசார் தூக்கிப் பிடித்ததும் இந்த நோய்ச் சட்டத்தைத்தான். அதே 2020இல் தேர்தல் கூட்டங்கள் நாடு முழுக்க நடந்தன.

"அரசு சொன்னால் கேட்க வேண்டும்" என்பதுதான் உங்கள் கடிதத்தின் சாரம். 2020 நவம்பரில் நோய் நீங்க ஆற்றில் குடத்து நீர் ஊற்றியவரும், டிசம்பரில் கேகாலைக்காரர் ஒருவர் கொவிட்டுக்கு மருந்தென்று செய்த பாணியைக் கமராவுக்கு முன்னால் குடித்தவரும் அந்த அரசின் சுகாதார அமைச்சர். உங்கள் படிப்பும் அனுபவமும் சொன்னதைக் கேட்பதா, அமைச்சர் குடித்ததைக் கேட்பதா? அதே கூட்டம்தான் 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானியால் இரசாயன உரத்தை நிறுத்தியது. நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் நீர்வேலி வாழைக்காரரும் புன்னாலைக்கட்டுவன் வெங்காயக்காரரும் ஒரு போகத்தைக் கடனில் விட்டார்கள். யாரிடமும் கேளாமல் ஒரே இரவில் எல்லாருக்கும் ஒன்றைத் தீர்மானிக்கலாம் என்ற பழக்கம் ஊரடங்கில் படிந்தது. உரத்தில் அது பலித்திருந்தால் அடுத்ததாக எதில் கைவைத்திருப்பார்களோ.

இனி, செத்தவீடு. உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது அந்த ஒரு வரிதான். "கிரியையைவிட உயிர் பெரிதில்லையா" என்கிறீர்கள். இறந்தவருக்கு இனி என்ன உயிர், பிள்ளை?

2021 ஆகஸ்ட் கடைசியில் என் சின்னையா வீட்டில்தான் இறந்தார். அப்போதைய நடைமுறைப்படி உடலைக் கொண்டுபோய்ப் பி.சி.ஆர். எடுத்தார்கள். முடிவு வரும்வரை பிரேத அறையில் கிடந்தார். தொற்று என்று வந்தது. பெட்டியைத் திறக்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது, நேரே மின்தகனம், கூட வர இரண்டு பேர். நாங்கள் அதை மீறக் கேட்கவில்லை. வாகனம் எங்கள் ஒழுங்கையால் போகட்டும் என்று மட்டும் கேட்டோம். தொலைபேசியில் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை. கடைசியில் எங்கள் பகுதிப் பரிசோதகர்தான் வந்தார். சின்னையாவின் கிணற்றுக்குக் குளோரின் போட்டவர், அவர் கையால் தேத்தண்ணி குடித்தவர். "வேலிக்கு உள்ளுக்கு நிண்டு கும்பிடுங்கோ. வாகனம் இதாலை மெல்லமாய்ப் போகும்" என்றார். சின்னம்மா படலைக்கு உள்ளே நின்றா. பேரப்பிள்ளைகள் முகக்கவசத்தோடு வேலியோரம் நின்று நெய்ப்பந்தம் பிடித்தார்கள். சுண்ணம் இடிக்கவில்லை, பறை இல்லை, வாய்க்கரிசி இல்லை. வாகனம் நின்றதும் மோட்டார் சைக்கிளில் இரண்டு ஆமிக்காரர் வந்து, ஏன் நிற்கிறது என்று சத்தம் போட்டார்கள். பரிசோதகர் முன்னால் போய், "இது என்ரை பொறுப்பு" என்றார். அவர்கள் சிங்களத்தில் யாரோடோ பேசினார்கள். அவரும் சிங்களத்தில் பதில் சொன்னார். அதற்குள் சின்னம்மா பார்த்து முடித்துவிட்டா.

அந்தப் பரிசோதகர் எந்த விதியை மீறினார்? ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை, இடைவெளி இருந்தது, முகக்கவசம் இருந்தது. அவருக்கு நோயும் தெரிந்திருந்தது, சின்னம்மாவையும் தெரிந்திருந்தது. நான் பழமைவாதி என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். செத்தவீட்டுக்குப் பந்தல் போட அயல் வருவதும், எட்டுக்கும் அந்தியேட்டிக்கும் சொந்தம் கூடுவதும், முதல் ஊரடங்கில் கோயிலும் சனசமூக நிலையமும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் வீடு வீடாக அரிசி மா கொடுத்ததும் எந்த அரசும் உண்டாக்கியவை இல்லை. எந்த அரசு போனாலும் எங்களுக்கு மிஞ்சுபவை. அவற்றை நோய்க்காகச் சுருக்கலாம், தள்ளிப்போடலாம். வேண்டாத சடங்கென்று ஒரு அதிகாரி வெட்டி எறிய நான் விட மாட்டேன்.

எங்களுக்காவது எரிப்பது வழக்கம். முஸ்லிம் சனத்தை நினைத்துப் பாருங்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்க, 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எரித்தே ஆகவேண்டும் என்றது. நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம். டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அந்த மாதமே பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் அதை மாற்றியபோது, புதைக்க இடம் என்று முதலில் காட்டியது இரணைதீவை. கடற்படையிடமிருந்து தங்கள் காணியை 2018இல்தான் போராடித் திரும்பப் பெற்ற தமிழ்க் கத்தோலிக்கச் சனம் அங்கே இருந்தது. அவர்கள் எதிர்த்து நின்றார்கள். தமிழரும் முஸ்லிமும் முகத்துக்கு முகம் நிற்கும்படி ஒரு முடிவு எடுத்தார்கள், பிறகு மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடியில் புதைக்க இடம் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழந்தையின் தாய்க்கு அது எதற்கு? கிரியையைவிட உயிர் பெரிது என்ற உங்கள் வாதத்தை இவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அங்கே காப்பாற்றிய உயிர் எது என்று கேட்பார்கள்.

சுவீடனை விடுவோம். அது வேறு நாடு, வேறு குடும்ப அமைப்பு. ஊசிக்குள் சிப் வைத்தார்கள் என்று உங்கள் அக்காவுக்கு யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அழிக்கச் சொல்லுங்கள்.

1897இன் சட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. ஊரடங்கோ முடக்கமோ பாராளுமன்றம் மாதத்துக்கு ஒருமுறை வாக்களிக்காவிட்டால் தானாகவே முடிய வேண்டும். பொறுப்பு வைத்தியர் கையில், படையினர் பாரம் தூக்க மட்டும். இறந்தவரை எப்படி அனுப்புவது என்பதை அந்தந்தச் சமயத்தாரோடு பேசி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அடுத்த நோய் வந்தபிறகு இதைப் பேச எவருக்கும் நேரம் இருக்காது.

அப்புறம், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2021 ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் அந்த வார்டில் கண்டதை எழுதி அனுப்புங்கள். ஒட்சிசன் எப்போது வந்தது, எப்போது வரவில்லை, வீட்டாருக்கு யார் சேதி சொன்னது, முடிவுகளை வைத்தியர் எடுத்தாரா வேறு யாரும் எடுத்தார்களா, எல்லாவற்றையும். என்னோடு உடன்படாத இடங்களையும் அப்படியே எழுதுங்கள். உங்கள் பெயரோ வைத்தியசாலையின் பெயரோ இல்லாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் இங்கே போடுகிறேன்.

அன்புடன்.