மலை ஏறும்போது நின்றுபோகும் பழைய டீசல் லாரி

ஏற்காடு மலைப்பாதையில் பாதிக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறைந்து வண்டி நிற்கிறது, அரை மணி நேரம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள். எனக்கு டீசல் வரத்தின் மேல்தான் சந்தேகம்.

அடுத்த முறை நின்றவுடன், கிளீனரை விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை போடச் சொல்லிவிட்டு, முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் போகப் போக டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லாமல் டீசல் வரத்து நின்றுவிடும். துளையைச் சுத்தம் செய்தால் போதும், காசில்லாத வேலை.

சத்தம் இல்லையா? ஃபில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பைக் கையால் அடியுங்கள். நுரை வந்துகொண்டே இருந்தால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே எங்கோ ஏர் இழுக்கிறது. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. பல மெக்கானிக்குகள் கோட்டை விடுவது இங்கேதான். காப்பர் வாஷர்கள், வெடித்த ரப்பர் ஹோஸ் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

நுரையும் இல்லை, டீசலும் மெலிதாகத்தான் வருகிறது என்றால் ஃபில்டர் அல்லது டேங்குக்குள் இருக்கும் வலை அடைத்திருக்கலாம். வலையில் அப்பிய குப்பை, வண்டி நின்றதும் அடியில் படிந்துவிடும். அரை மணியில் ஸ்டார்ட் ஆவதற்கு அதுவும் காரணமாகலாம். இதெல்லாம் பார்க்காமல், என்ஜினுக்குள் டீசலை அழுத்தத்தோடு அனுப்பும் மெயின் பம்பைக் கழற்ற மட்டும் சம்மதிக்காதீர்கள்.