‘இன்னதற்காக’ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்று முடிவுசெய்யும் புராடக்ட் ஓனராகி ஓராண்டு ஆகிறது. பயனரின் ஒரு தேவையைச் சொல்லும் சிறு குறிப்பான யூசர் ஸ்டோரியை, அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க உதவும் இன்வெஸ்ட் பட்டியலின் ஆறு விதிகளையும் சரிபார்த்தே எழுதுகிறேன். ஆனாலும் தெளிவில்லை என்று டெவலப்பர்கள் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும், அதாவது ஒவ்வொரு குறுகிய வேலைச்சுற்றிலும், திருப்பிவிடுகிறார்கள். மூன்று ஸ்டோரிகளை இணைத்துள்ளேன். இதைவிட நல்ல வார்ப்புரு உண்டா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் டெவலப்பர்கள் வருகிறார்கள், விதிகள் வருகின்றன. அந்த மென்பொருளைப் பயன்படுத்தப்போகிற ஒருவர்கூட வரவில்லை. சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் இதுவே.

2003இல் பில் வேக் தொகுத்த இன்வெஸ்ட் நல்ல பட்டியல்தான்; அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வார்ப்புருவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் உருவான ‘இன்னாராகிய எனக்கு, இன்னது வேண்டும், இன்னதற்காக’ என்ற வாக்கியத்தைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். அதன் மூன்றாம் துண்டில்தான் எல்லோரும் ஏமாற்றுகிறோம்.

நானும் ஏமாற்றியவன். ‘கணக்காளராகிய எனக்கு, மாதப் பேரேட்டை எக்செல் கோப்பாக இறக்கும் வசதி வேண்டும், எக்செல்லில் பார்ப்பதற்காக’ என்று ஒருமுறை எழுதினேன். சிறியது, சோதிக்கத்தக்கது, டெஸ்டர் ஒரு பிழையும் காணவில்லை. வெளியான பிறகு அந்தக் கணக்காளர் அம்மையாரின் அருகில் அமர்ந்தபோதுதான், அவர் அந்தக் கோப்பை வங்கி அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிட்டு, பொருந்தாத வரிகளுக்கு மஞ்சள் நிறமிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவருக்குத் தேவைப்பட்டது கோப்பே அல்ல. அந்த மஞ்சள் வரிகள். ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

‘எக்செல்லில் பார்ப்பதற்காக’ என்பது காரணமா? இரண்டாம் துண்டே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்றிலும் இதே கதைதான்: ‘வடிகட்டும் வசதி வேண்டும், வடிகட்டுவதற்காக.’ இதை எழுத ஒரு மனிதர் எதற்கு? கோபித்துக்கொள்ளாதீர்கள், ஓராண்டாகத் திட்டு வாங்கியும் விடாமல் திருத்தி எழுதுகிறவர் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரிஸ் 2001இல், ஒரு ஸ்டோரிக்கு அதை எழுதிவைக்கும் அட்டை, அதைப் பற்றிய உரையாடல், உறுதிசெய்தல் என்று மூன்றைச் சொன்னார். நீங்கள் அட்டையை மட்டும் இழைத்து இழைத்து மெருகேற்றுகிறீர்கள். நடுவில் இருப்பது நடக்கவே இல்லை.

உங்கள் இரண்டாம் ஸ்டோரியை மட்டும் எடுத்துக்கொண்டு, திருப்பிவிட்ட டெவலப்பரில் ஒருவரையும் அழைத்துப்போய், அந்த வடிகட்டியைப் பயன்படுத்தப்போகிறவரின் அருகில் அரைமணி நேரம் அமருங்கள். வடிகட்டி முடித்தபின் அவர் கை எங்கே போகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.