பழைய வண்டி, குறைந்த காசு: கேள்வியும் பதிலும்

வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் வீட்டோரம் சாக்கு போர்த்தி நிற்கிற பழைய வண்டிகளில் இன்னும் டிஎன் 23 நம்பர்தான். அவற்றை மறுபடி ஓடவைக்க நினைப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணே, தாத்தாவோட 2003 ஸ்ப்ளெண்டர் நாலு வருஷமா நிக்குது. கையில 15,000 ரூபாய் இருக்கு. கஃபே ரேசர் மாதிரி பண்ணணும். முதல்ல எதுல கை வைக்கட்டும்?

முதலில் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், கை வையுங்கள் தம்பி. 2003 வண்டிக்கு 15 வருடம் 2018லேயே முடிந்துவிட்டது. தாத்தா புதுப்பித்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 25, பசுமை வரி, தாமதக் கட்டணம், ஆய்வு எல்லாம் இருக்கிறது. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஃபிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். இது சரியாக இருந்தால்தான் மற்றச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

அடுத்தது பணம். 15,000இல் 3,000 ரூபாயைத் தனியாக எடுத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். எந்த வண்டியைப் பிரித்தாலும் எதிர்பார்க்காத ஒன்று உள்ளே காத்திருக்கும், அந்தக் காசு அதற்கு. மீதியை பிரேக், டயர், செயின், இன்ஜின், வயரிங் என்ற வரிசையில் செலவழியுங்கள். பெயிண்ட் கடைசி. டேங்கை முதலில் பளபளவென்று அடித்துவிட்டு, பிஸ்டன் வாங்கக் காசில்லாமல் வண்டியை அப்படியே விற்றவர்களை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் அந்த வயதுக்கு ரப்பர் கல்லாகியிருக்கும், மாற்றிவிடுங்கள். பின்னால் 3.00-18க்கு (3 அங்குல அகலம், 18 அங்குல ரிம்) மேல் போக வேண்டாம். அகல டயர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்ப்ளெண்டரின் குறுகலான ரிம்மில் சரியாக உட்காராது. பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். பழைய லைனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுத்துத் துணியையும் போட்டுவிடுங்கள்.

இப்போது கஃபே ரேசர், அதாவது பின்பகுதியைக் குறைத்து, தாழ்ந்த ஹேண்டில்பார் வைத்த பழைய பந்தய வண்டித் தோற்றம். ஃபிரேமின் பின்பகுதியை அறுக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அறுத்த ஃபிரேமைத் தெருவோர வெல்டிங்கில் ஒட்டி அதன் மேல் நீங்கள் உட்காரப் போகிறீர்கள், அதை யோசியுங்கள். சீட்டுக்குப் புதுக் கவர், நல்ல பெயிண்ட், பாலிஷ் போட்ட இன்ஜின் கவர், சுத்தமான ஸ்போக். இவ்வளவுக்கே வண்டி ஆளே மாறிவிடும். கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். கழற்றிய ஒரிஜினல் சாமான்களைச் சாக்கில் கட்டி வையுங்கள், காயலான் கடைக்குப் போட வேண்டாம்.

ஆற்காட்டிலிருந்து: யமஹா ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கேன். புகை அதிகம், இழுவை இல்ல. மெக்கானிக் போர் போடணும், கிராங்கும் போச்சுங்கிறார். உண்மையா இல்லையான்னு நானே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இதை எல்லோருமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, அதற்கேற்ற சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவது. கிராங்க் என்பது பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு.

ஹெட், சிலிண்டர், பிஸ்டன் மூன்றையும் கழற்றச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கான் ராடு மட்டும் நிற்கும்போது கிராங்கைச் சுற்றி அதை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். ராடின் மேல்முனையை இரண்டு விரலால் பிடித்து, நேர் மேலும் கீழுமாக மட்டும் இழுத்து அழுத்துங்கள். துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. 'டக்' என்று விரலில் தட்டினால் கீழ்ப் பேரிங் போய்விட்டது, மெக்கானிக் சொன்னது சரி. பக்கவாட்டில் ஆடினால் பயப்பட வேண்டாம், அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. அப்புறம் இடது பக்க மேக்னெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் மெயின் பேரிங்கும் போயிருக்கிறது.

அடுத்து சிலிண்டர். பிஸ்டனிலிருந்து ஒரு ரிங்கைக் கழற்றி, அதை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளிச் சமமாக நிறுத்துங்கள். ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளங்கள். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு எடுங்கள். மேலே அதிகம், கீழே குறைவு என்று வந்தால் சிலிண்டர் மேல்பக்கம் தேய்ந்து அகன்றிருக்கிறது. சுவரில் நெடுக்குக் கோடுகள் இருந்து, அவற்றில் நகம் மாட்டினால் அளக்கவே தேவையில்லை, போரிங்தான்.

போரிங்குக்குப் போகும்போது பலர் தப்பு செய்யும் இடம் இதுதான்: சிலிண்டரை முதலில் லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு, பிஸ்டனை அப்புறம் தேடுகிறார்கள். பிஸ்டனை முதலில் வாங்குங்கள். அதையும் சிலிண்டரையும் சேர்த்துக் கொடுத்து, "இந்த பிஸ்டனுக்குப் போடுங்க" என்று சொல்லுங்கள். பிஸ்டன் ஓவர்சைஸில் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று வரும். 0.25இல் கோடு போய்விடுமென்றால் அதோடு நிறுத்துங்கள். கையில் கிடைத்த பிஸ்டன் 1.00 என்பதற்காக அதற்குத் தாவினால் சிலிண்டரின் மூன்று ஆயுளை ஒரே நாளில் வெட்டி எறிந்த மாதிரி. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996லேயே நின்றுவிட்டது. நல்ல ஒரிஜினல் சிலிண்டர் இன்று லேசில் கிடைக்காது.

ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் போர் போட்டதும், சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்புகள் கத்தி மாதிரி கூராக இருக்கும். அதை மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். பெட்ரோலில் மட்டும் அலசினால், சுவரைத் தேய்த்து மெருகேற்றியபோது (ஹோனிங்) உதிர்ந்த தூள் போகாது. கழுவிய உடனே ஆயில் தடவுங்கள்.

புகைக்கு போர் மட்டும் காரணமில்லை. கிளட்ச் பக்க ஆயில் சீல் கசிந்தால் இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கும், வெள்ளைப் புகையாகத் தள்ளும், கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். மேக்னெட் பக்கச் சீல் போனால் புகை வராது, ஆனால் காற்றை இழுத்து ஐடிலிங் ஏறிக்கொண்டே போய், பிஸ்டன் பிடித்துவிடும். இரண்டு சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள், விலையும் குறைவு. பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையமான பின் லாக்கைப் பழையதையே திருப்பிப் போட விடாதீர்கள்.

ஆம்பூரிலிருந்து: ஊர் முழுக்கத் தோல்தான். மிச்சத் துண்டு மலிவா கிடைக்குது. சீட்டுக்குத் தோல் போடலாமா?

போடலாம். ஆனால் ஷூ மேல்பகுதிக்கான தோல் மெல்லியது, சீட்டில் இழுத்துத் தைத்தால் ஓரத்தில் விட்டுவிடும். கொஞ்சம் கனமான துண்டாகக் கேளுங்கள். தையல் சீட்டின் மேலே வராமல் பக்கவாட்டில் வரட்டும், தையல் துளை வழியேதான் மழைத்தண்ணீர் ஸ்பாஞ்சுக்குள் இறங்கும். ஸ்பாஞ்சுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் தாள் வையுங்கள். கறுப்பு வேண்டாம், நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் அதன் மேல் உட்கார முடியாது. தினமும் வெளியில் நிற்கிற வண்டியென்றால் ரெக்சின் போட்டுவிட்டு, தோலில் டூல்ஸ் பை தைத்துக்கொள்வதுதான் என் யோசனை.

வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண்மணி: அப்பா பால் ஊத்தப் போன மேக்ஸ் 100 இது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆச்சு. விக்க மனசில்ல. ஓடவைக்க முடியுமா? வண்டி இன்னும் அவர் பேர்லதான் இருக்கு.

முடியும்மா, அவசரப்படாமல் செய்யலாம். முதலில் பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அதற்கானது படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். தாமதத்துக்குக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடலாம்.

யாராவது வந்து "ரெண்டு கிக் அடிச்சுப் பாப்போம்" என்றால் விடாதீர்கள். நின்ற இன்ஜினில் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் இரண்டு ஸ்பூன் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து விடுவியுங்கள். தாராளமாகச் சுற்றினால் அப்புறம் கிக்கர். பால் கேன் மாட்டின கம்பி ஸ்டாண்டு இன்னும் இருந்தால் கழற்றித் துடைத்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடியிலிருந்து: சித்தூர்ல ஒரு யமஹா பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?

ஆந்திர ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் வந்தால் வாங்கலாம். "அப்புறம் தர்றேன்" என்றால் வேண்டாம். இங்கே மறுபதிவு செய்யும்போது வரியும் கட்ட வேண்டியிருக்கும், அதையும் சேர்த்தால் பாதி விலை பாதியாக இருக்காது.

ராணிப்பேட்டையிலிருந்து: ஹெட்லைட் மங்கலா எரியுது. 60 வாட் பல்பு போட்டா சரியாகுமா?

இன்னும் மங்கும். 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 35/35 வாட் பல்புதான், மேக்னெட்டில் உள்ள காயில் (கம்பிச்சுருள்) அதற்குத் தக்கபடிதான் கரண்ட் தரும். பல்பை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள். ஹீரோ ஹோண்டாவில் எர்த் வயர் பச்சை, யமஹாவில் கறுப்பு. அது ஃபிரேமில் போல்ட் ஆகும் இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்குங்கள். பழைய வண்டி வயரிங் கோளாறில் பெரும்பகுதி அந்த ஒரு போல்ட்டில்தான் இருக்கும். செலவு ஒரு உப்புத்தாள்.

பேரணாம்பட்டிலிருந்து: டேங்குக்குள்ள முழுக்கத் துரு. ஆசிட் ஊத்தச் சொல்றாங்க.

கக்கூஸ் கழுவும் ஆசிட் துருவோடு தகட்டையும் தின்றுவிடும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, டேங்க் நிறைய வெள்ளை வினிகர் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். நடுநடுவே ஒரு துண்டுப் பழைய செயினை உள்ளே போட்டுக் குலுக்குங்கள், அது மூலையெல்லாம் சுரண்டும். கொட்டிவிட்டு சோடா மாவு கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உடனே வெயிலில் காய வையுங்கள். காய்ந்த அடுத்த நிமிடம் டூ டி ஆயில் கொஞ்சம் ஊற்றி உள்ளே சுழற்றுங்கள், இல்லையென்றால் கண் முன்னாலேயே மறுபடி சிவக்கும்.

இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் ட்யூப், கார்புரேட்டர் ரப்பர் வாஷர் எல்லாம் புதுசு போடுங்கள், மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள். டேங்க் ஓட்டையாகி வெல்டிங்குக்குக் கொண்டுபோனால், பெட்ரோல் வாசனை போக நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பித்தான் பற்ற வைக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று நினைக்க வேண்டாம். உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும், ஆளையே கொன்றுவிடும்.

வாலாஜாவிலிருந்து: பெயிண்ட்டை நானே அடிக்கலாமா?

தாராளமாக. அடிப்பது ஒரு மணி நேரம், தேய்ப்பதுதான் வேலை. 400 நம்பர் தாளில் தொடங்கி 800, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்கப் பொறுமை இருந்தால் கடைக்காரர் வேலையோடு போட்டி போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் மேலே வெள்ளை படரும். சித்திரை மத்தியானத்தில் அடித்தால் தகட்டில் படுவதற்குள் காற்றிலேயே உலர்ந்து சொரசொரக்கும். தை, மாசியில் வெயில் ஏறுவதற்கு முன், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடியுங்கள்.

ஆரணியிலிருந்து: சாமான் வாங்க சென்னை புதுப்பேட்டைக்குப் போகலாமா?

ஒரே ஒரு சாமானுக்கு என்றால் போக்குவரத்துச் செலவே கட்டாது. வண்டியை முழுக்கப் பிரித்து, வேண்டியதையெல்லாம் எழுதிக்கொண்டு ஒரே முறை போங்கள். பழைய சாமானையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நம்பர் தேய்த்த இன்ஜின் கேஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அது யார் வீட்டு வாசலிலிருந்து போனதோ.

திருப்பத்தூரிலிருந்து: ஆர்எக்ஸ் வேலை முடிஞ்சுது, போர் புதுசு. ஞாயித்துக்கிழமை ஏலகிரி ஏறலாமா?

இந்த ஞாயிறு வேண்டாம் தம்பி. முதல் 500 கிலோமீட்டர் முழுத் திராட்டில் கொடுக்காமல், ஆளை ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல் ஓட்டுங்கள். ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் கலந்து ஓட்டுபவராக இருந்தால் இந்த நாட்களில் லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுங்கள், அப்புறம் 25க்கு இறக்கலாம். 500 முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கிளம்பலாம். வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டைப் பார்க்காமல் மலை ஏறாதீர்கள்.

ஏறும்போது இருப்பதைவிட இறங்கும்போதுதான் ஆபத்து. பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் திராட்டிலை மூடிவிட்டு இன்ஜின் பிரேக்கிலேயே வந்தால், பெட்ரோலில் கலந்த ஆயிலும் உள்ளே போகாது, இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நேர்ப்பாதை வரும் இடத்திலெல்லாம் கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறை திராட்டிலைத் திருகி விடுங்கள். அந்த ஒரு சொட்டு ஆயில் போதும்.