வாசகர் கேள்வி – பதில்: கடைசி வாங்குக்கும் கேட்கும் வாசகம்

கேள்வி: ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறேன். ஒலிவாங்கி நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் வசனத்தின் முடிவு கேட்பதில்லை என்கிறார்கள், கடைசி வாங்குகளில் இருப்பவர்கள். (வாசகி, இளவாலை)

பதில்: ஒலிவாங்கியை விடுங்கள், மூச்சைப் பாருங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ‘இல்லை’, ‘அல்ல’, ‘ஆது’ எல்லாம் அங்கேதான். கலியாணப் பூசையில் வாசிக்கும், அன்பைப் பற்றிப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 13ஐ எடுங்கள்: “பொறாமைப்படாது, தற்புகழ்ச்சி கொள்ளாது, இறுமாப்பு அடையாது.” ஒரே மூச்சில் இழுத்தால் கடைசி ‘ஆது’ தொண்டைக்குள் போய்விடும். பின்னால் இருப்பவருக்கு ‘இறுமாப்பு அடைய’ என்பதோடு நின்றுவிடும். பவுல் மறுத்தது மறுப்பாகவே காதில் விழாது.

வாசகத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, அரைப்புள்ளிதோறும் பென்சிலால் கோடு போடுங்கள். மூச்சு அங்கே. (கோயில் வாசக நூலில் கீறவேண்டாம்.) வசன முடிவில் தொனியை இறக்கலாம், சத்தத்தை இறக்கக்கூடாது. உயரக் கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள கோயிலில் எதிரொலி அடங்கும்வரை பொறுத்தே அடுத்த வசனத்தைத் தொடங்குங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தலை குனிந்தால் குரல் புத்தகத்துக்குள் போகும். வாசக மேடை தாழ்வென்றால் புத்தகத்தைக் கையில் உயர்த்திப் பிடியுங்கள்.

முடிந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணி, நிமிர்ந்து, “ஆண்டவரின் அருள்வாக்கு” சொல்லுங்கள். ஒட்டிச் சொன்னால் அதுவும் வாசகத்தின் ஒரு வரியாகவே கேட்கும். தலைப்பின் கீழுள்ள கருப்பொருள் வரி வாசிப்பதற்கானதல்ல.

கேள்வி: எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் பழைய மொழிபெயர்ப்பையே வாசிக்கிறோம். நீண்ட வசனங்களை எங்கே பிரிப்பது? (வாசகர், வட்டுக்கோட்டை)

பதில்: யோவான் 3:16ஐயே பாருங்கள். “தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ…” என்று தொடங்கி, கடைசியில்தான் “அன்புகூர்ந்தார்” வருகிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் அத்தனை தூரம்! ‘தேவன்’ என்றதும் நிறுத்தாவிட்டால், குமாரனை விசுவாசிக்கிறவர் தேவனே என்பதுபோலக் கேட்கும். ஆகவே முதலில் பயனிலையைத் தேடுங்கள், பிறகு அதற்குரிய எழுவாயை. இரண்டையும் அழுத்தி, நடுவிலுள்ளதை ஒரே சீராக வாசியுங்கள். அதிகாரமும் வசன எண்ணும் தொடக்கத்தில் ஒருமுறை போதும். சனம் வேதாகமத்தைத் திறந்து பக்கத்தை எடுக்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி: பெந்தகோஸ்தே வாசகத்தில் ஊர்ப்பெயர்கள் வாயில் நுழையவில்லையே? (வாசகி, குருநகர்)

பதில்: மெசப்–பொத்–தாமியா, கப்–பதோக்–கியா என்று பிரித்தெழுதி, முதல்நாள் பத்துத் தரம் சத்தமாகச் சொல்லுங்கள். தடுக்கினால் மன்னிப்புக் கேட்கவேண்டாம். அந்தப் பெயரை ஒருமுறை திருத்திச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.